எட்டு பிளக்கில் விழுந்தது எது

மருந்தடிக்கும் விமானத்துக்கு பிளக் மாற்றிய கதையை எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்தாள். "பிளக்கப் பத்தி எழுத என்ன கெடக்கு?" என்று கேட்டாள். என்ன கிடக்கா? நாற்பது வருஷத்துக்கும் மேலாக வயிற்றுக்குள் எரிந்துகொண்டு கிடக்கிறது. இன்றைக்கும் ஆயுத பூஜைக்கு யாராவது பொரிகடலை நீட்டினால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது.

எழுபதுகள் முடியும் சமயம். மதுரையில் பூச்சிமருந்து வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒரு முதலாளிக்கு, பருத்திக்கு ஆகாயத்திலிருந்து மருந்தடித்துக் கொடுக்கலாம் என்று ஆசை வந்தது. பழைய சிறிய விமானம் ஒன்றை வாங்கினார். ஒற்றை எஞ்சின், நாலு சிலிண்டர். பைலட் உட்காரும் இடத்துக்கு முன்னால் மருந்துத் தொட்டி. எழுமலைக்குத் தெற்கே ஒரு கரட்டுக்காட்டைச் சமப்படுத்தி ஓடுபாதை போட்டு, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையும் போட்டார். நான் அங்கே மெக்கானிக். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவன். நான் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அது தரையை விட்டு எழும்பலாம். சட்டம் அப்படி. அந்தக் கையெழுத்துக்கு அங்கே என்ன மரியாதை இருந்தது என்று கேளுங்கள்.

காரில் ஒரு சிலிண்டருக்கு ஒரு பிளக். விமானத்தில் இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று. ஆக எட்டு பிளக். பெட்ரோலைக் கொளுத்துகிற பொறி அதிலிருந்துதான் வரவேண்டும். அந்த வருஷங்களில் எங்கள் எஞ்சினுக்கு ஏற்ற பெட்ரோல் வருவது நின்றுபோய், ஈயம் கூடுதலாகக் கலந்த பெட்ரோல்தான் கிடைத்தது. அந்த ஈயம் முழுக்க எரியாமல் பிளக்கின் வாயில் கேழ்வரகு கேழ்வரகாக உருண்டு உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் பொறி வராது, எஞ்சின் இரும ஆரம்பிக்கும். நானும் சில நாளைக்கு ஒரு தரம் எட்டையும் கழற்றி, குத்தூசியால் ஈயத்தை நெம்பி எடுத்து, கீழே இருந்ததை மேலேயும் மேலே இருந்ததைக் கீழேயும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் மறுபடியும் இருமல்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பிளக்கிலேயே சூட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ரகம் உண்டு, சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் ரகமும் உண்டு. சூடு தங்கினால் ஈயம் எரிந்து போய்விடும். ஆனால் அளவுக்கு மீறித் தங்கினால் எஞ்சினே வெந்துவிடும். அதனால்தான் எஞ்சின் செய்தவன் தன் புத்தகத்தில், இந்த எஞ்சினுக்கு இன்னின்ன பிளக் போடலாம் என்று பட்டியல் கொடுத்திருக்கிறான். எங்கள் எஞ்சினுக்கு அதில் மூன்று ரகம் இருந்தது. நாங்கள் போட்டுக்கொண்டிருந்தது மூன்றில் குளிர்ந்தது. நான் கேட்டது மூன்றில் சூடானது. நம்பரில் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். அந்த ஒரு இலக்கத்துக்காக எத்தனை தடவை எழுமலையிலிருந்து உசிலம்பட்டி போய், அங்கிருந்து பஸ் மாறி, மதுரை தல்லாகுளத்தில் இருந்த எங்கள் ஆபீசுக்கு நடையாய் நடந்திருப்பேன்!

அங்கே ஒரு பர்ச்சேஸ் மேனேஜர். முதலாளிக்குச் சொந்தக்காரர். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் பழைய பிளக் ஒன்றை அவர் மேஜையில் வைத்து, புத்தகத்தை விரித்துக் காட்டுவேன். அவர் புத்தகத்தைப் பார்க்க மாட்டார். பிளக்கை எடுத்து உருட்டிப் பார்ப்பார்.

"நீரு கேக்குறதும் இதே மாதிரிதான இருக்கும்?"

"பாக்க இதே மாதிரிதான் சார் இருக்கும். உள்ள இருக்கிற பீங்கான் வேற."

"மரை உக்காருமா?"

"உக்காரும்."

"மரை உக்காந்தாச் சரிதானய்யா. பெறகென்ன வேணும் ஒமக்கு?"

மரை உட்கார்ந்தால் சரி. அதுதான் அவருடைய வேதம். என் தலை உங்கள் சட்டைக் காலருக்குள் நுழையும் சார், அதற்காக அது உங்கள் தலை ஆகிவிடுமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிறவன். இன்னொரு தரம் போனபோது ஒரு வேன் பிளக்கை எடுத்து நீட்டினார். பட்டறைக்காரர் ஒருவர் சிபாரிசாம். "இதப் போட்டுப் பாரும். வேன் கொடைக்கானல் மலையே ஏறுது. ஒம்ம பிளேனு பத்தடி ஒசரத்துலதான பறக்குது?" என்றார். நான் அந்த வேன் பிளக்கை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்து, தெருக்குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். யானை வாங்கியவனுக்கு அங்குசம் வாங்க மனசு வரவில்லை என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தவன்.

பத்தடி உயரம் என்றால் லேசு என்று அவருக்கு நினைப்பு. பத்தடியில்தான் ஆபத்தே. ஆயிரம் அடியில் எஞ்சின் நின்றால் கீழே எங்கே இறங்கலாம் என்று தேட நேரம் இருக்கும். பத்தடியில் "ஐயோ" என்று சொல்லி முடிக்கக்கூட நேரம் இராது.

அதை எல்லோரும் பார்க்கும் நாளும் வந்தது. ஒரு தை மாதம், தொட்டி நிறைய மருந்தோடு விமானம் எழும்புகிறது. ஓடுபாதை முடியும் இடத்தில் பனைமரங்கள். அதற்குச் சரியாக முன்னால் எஞ்சின் இருமியது. ஒரு தரம் இல்லை, நாலைந்து தரம். எங்கள் பைலட் பசுமலையில் படித்து வளர்ந்த பிள்ளை, முப்பது வயதுகூட இல்லை, நல்ல கைக்காரர். நெம்புகோலை இழுத்து மருந்து முழுவதையும் கீழே கொட்டினார். பாரம் குறைந்ததால் பனை மட்டையை உரசிக்கொண்டு தப்பித்தது. கீழே இருந்த பருத்தி கருகிப்போனது. சுற்றி வந்து இறங்கியவர் இறக்கைக்குக் கீழே அப்படியே உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீரையும் மூச்சு விடாமல் குடித்தார். அன்றைக்கு முதலாளி அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "மெக்கானிக்கு என்ன கேக்குறானோ அத வாங்கிக் குடு" என்று மேனேஜரிடம் அங்கேயே சொன்னார்.

சொன்னது தையில். வந்தது புரட்டாசியில். பம்பாய் வழியாக வெளிநாட்டிலிருந்து எட்டே எட்டு பிளக். ஒவ்வொன்றும் தனித்தனி அட்டைக்குழாயில், மரைக்கு மூடி போட்டு, எண்ணெய்த்தாள் சுற்றி வந்திருந்தது. எட்டிலும் நம்பரைப் படித்துப் பார்த்தேன். நான் கேட்ட அதே நம்பர். நான் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை. இதை என் மனைவி படிக்காமல் இருக்கட்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். விமான பிளக் ஒன்று கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்துவிட்டால் அதோடு அதன் கதை முடிந்தது. புதுசோ பழசோ, எடுத்துத் தூரப் போட்டுவிட வேண்டும். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். வெளியே இரும்பு உடம்பில் கீறல்கூட விழாது. உள்ளே இருக்கும் பீங்கானில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தரையில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். மேலே போய் எஞ்சின் முழுச் சூட்டில் முக்கும்போதுதான் விரிசல் வாயைத் திறக்கும். பீங்கான் துண்டு உடைந்து சிலிண்டருக்குள் விழுந்தால் அவ்வளவுதான். இதைக் கொட்டகையில் இருந்த எல்லோரிடமும் பத்துத் தரம் சொல்லியிருந்தேன். புது பிளக் பெட்டியைத் தொடாதீர்கள் என்றும் சொல்லியிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. ஆவணியில் போட்ட பருத்தி பூ எடுக்கும் நேரம், புழு விழ ஆரம்பித்துவிட்டது. விஜயதசமியன்று புது பிளக்கைப் போட்டு எஞ்சினை ஓட்டி, முதல் மருந்தடிப்பைத் தொடங்குவது என்று முதலாளி நாள் குறித்திருந்தார். பூஜைக்கு அவர், மேனேஜர், ஜீப் டிரைவர் மூவரும் மதுரையிலிருந்து மாலை, வாழைக்கன்று, பூசணிக்காயோடு வந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் வாழை இலை போட்டு, என் ஸ்பானர்களை எல்லாம் பரப்பினார்கள். நான் பிளக் பெட்டியை அப்படியே கொண்டுவந்து ஓரமாக வைத்தேன்.

"பெட்டிக்காப்பா சாமி கும்புடப் போறோம்? பிரிச்சு வைய்யி" என்றார் முதலாளி.

"வேணாம் மொதலாளி. கை பட்டாலே ஆகாத சாமான்."

"சாமிக்கு முன்னாடி வைக்கிறதுக்கு ஆகாதா? என்னப்பா பேசுற நீ!"

பிரித்தேன். எட்டையும் இலையில் வரிசையாக நிற்க வைத்தேன். யாரும் தொடக் கூடாது என்று மறுபடியும் சொல்லிவிட்டு, விமானத்தைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி நிறுத்தப் போனேன். அதற்கும் மாலை போட வேண்டுமே. உள்ளே முதலாளி, மேனேஜர், டிரைவர், பைலட் நாலு பேரும் பூஜை சாமான்களை எடுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார்கள். பூசணிக்காய் உடைத்து, தீபாராதனை காட்டி எல்லாம் முடிந்து நான் உள்ளே வந்து பார்த்தால், எட்டு பிளக்கின் தலையிலும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. மின்சாரம் போகிற பீங்கான் குழிக்குள் சந்தனம்! சரி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

அவர் எங்களிடம் கொடி பிடிக்கிறவர். கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த குடியிருப்பிலிருந்து வருவார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மருந்தடிக்கும்போது விமானம் கோணாமல் போக வேண்டும் என்றால் வயலின் கடைசியில் ஒருவர் கம்பில் வெள்ளைத் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பைலட் அந்தக் கொடியைக் குறிவைத்து நேராக வருவார். தலைக்கு மேலே பத்தடியில் போவார். மருந்து பூராவும் நிற்கிறவர் மேல் விழும். அதற்குப் பாதுகாப்பு என்று அந்த அம்மாவுக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? ஒன்றும் இல்லை. சொந்தச் சேலை முந்தானையைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். மிச்ச நேரத்தில் தண்ணீர் சுமப்பது, மருந்து வாளி கழுவுவது. பூஜைக்கு அவரை உள்ளே வரச் சொன்னவர் யாரும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் தகரத்தை ஒட்டி உட்கார்ந்து வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக்கய்யா, கீழ விழுந்தா ஆகாதும்பீகளே, அதுல ஒண்ணு விழுந்துச்சுய்யா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்ப?"

"பூசணிக்கா ஒடைக்கிறதுக்குச் செத்த முந்தி. ணங்குன்னு கேட்டுச்சு. துள்ளி விழுந்து இன்னொரு தரமும் கேட்டுச்சு. ஸ்பானரு விழுந்தா வேற சத்தம்யா. எனக்குத் தெரியாதா?"

"யாரு போட்டது?"

"தகரத்துக்கு இந்தப் பக்கம் ஒக்காந்திருக்கிறவளுக்கு அது எப்பிடிய்யா தெரியும்?"

உள்ளே ஓடினேன். எட்டும் எட்டு இடத்தில் ஒழுங்காக நிற்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே சந்தனத்தில் மறைத்திருக்கிறார்கள். "இதுல எது விழுந்துச்சு?" என்று கேட்டேன். சொன்னால் அந்த ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு ஏழோடு பழசில் நல்லதாக ஒன்றைச் சேர்த்து வேலையைப் பார்க்கலாம். சொல்லாவிட்டால் எட்டும் வீண். எட்டில் எதை எடுத்து மாட்டினாலும் அது விழுந்ததாக இருக்கலாம். எட்டு மாதம் காத்திருந்து வாங்கியது ஐயா!

டிரைவர் தலையை ஆட்டினார். மேனேஜர் "நான் தொடவே இல்ல" என்றார். பைலட் பொரியை மென்றுகொண்டு "தெரியலண்ணே" என்றார். முதலாளி முகம் சுருங்கியது.

"விழுந்துச்சுன்னு எவன் சொன்னது?"

நான் ஒரு முட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கோபத்தில் "அந்த அம்மா காதுல கேட்டிருக்கு மொதலாளி" என்று சொல்லிவிட்டேன்.

"நல்ல நாளும் பெரிய நாளுமா, பூசையில விழுந்துச்சு கிழுந்துச்சுன்னு அபசகுனமாப் பேசுறாளா? இந்த மாதிரி வாய வச்சிக்கிட்டுத் தொழில் பண்ண முடியாது. நாளையிலருந்து வரவேணாம்னு சொல்லிரு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்ற அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அழவில்லை, காலில் விழவில்லை. கழுவிய வாளிகளைக் கவிழ்த்து வைத்தார். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடுபாதை ஓரமாக நடந்து போனார்.

அப்போது நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். முதலாளியோடு பிளக்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இதை முதலில் முடித்துக்கொண்டு அதைப் பிறகு பேசலாம் என்று நினைத்தேன். பெரிய யோக்கியன் மாதிரி மற்றவர்களைத் திட்டுகிறேனே, நான் மட்டும் என்ன கிழித்தேன்?

"எட்டு இருக்குல்லப்பா, ஒண்ணு போனா என்ன இப்ப? மிச்சம் ஏழு ஓடாதா?" என்றார் முதலாளி.

"ரெண்டு காலு இருக்குன்னு ஒத்தக் காலுல முள்ளோட ஓடுவீகளா மொதலாளி? அந்தப் பனமரத்த மறந்துட்டீகளா?"

"இந்தா பாரு. நாளைக்கு எஞ்சின் ஓடணும். ஓடலைன்னா வேற மெக்கானிக்கு பாத்துக்குவோம்."

மதராசில் பிளக்கைக் காற்றழுத்தத்தில் வைத்துச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு, அனுப்பிப் பார்க்கலாம் என்றேன். மயிரிழை விரிசல் அதிலும் சில சமயம் தப்பிவிடும், இருந்தாலும் ஏதாவது ஒரு வழி வேண்டுமே. மேனேஜர் சிரித்தார். அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஆயுதத்தைப் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை ஸ்பானரை யாரும் தொடக் கூடாது.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்தது. முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எஞ்சினிலிருந்து பழைய பிளக் எட்டையும் கழற்றினேன். புதுசு எட்டையும் மாட்டும்வரை சாமி முன்னால் வைத்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டதால், ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்பிரிட் துணியால் துடைத்து, இலையில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். ஒவ்வொன்றையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்டும் பளபளவென்று இருந்தது. இராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"மொதலாளி, என் கையால இதுல ஒண்ணையும் எடுக்க மாட்டேன். பறக்கப் போறது அவரு. அவரே எடுத்துக் குடுக்கட்டும். எதக் குடுக்குறாரோ அத மாட்டிக் கையெழுத்துப் போடுறேன்."

வெறும் கோபத்தில் சொன்னதுதான். அதில் தந்திரம் ஒன்றும் இல்லை. பைலட் கண்ணை நேராகப் பார்த்து அவருடைய உயிரை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. முதலாளிக்கும் அது நியாயமாகப் பட்டது. "எடுத்துக் குடுங்க தம்பி" என்றார்.

பைலட் இலைக்கு முன்னால் குனிந்தார். வலது ஓரத்திலிருந்து முதலாவதை எடுத்துக் கொடுத்தார். மாட்டினேன். இரண்டாவது. மூன்றாவது. அடுத்துக் கை நீட்டியவர் நாலாவதின் மேல் கொண்டுபோய், தொடாமல் தாண்டி ஐந்தாவதை எடுத்தார். தற்செயல் என்று நினைத்தேன். ஆறு, ஏழு, எட்டு எல்லாம் என் கைக்கு வந்தன. இலையில் அந்த நாலாவது மட்டும் தனியாக நின்றது. எஞ்சினில் ஒரு துளை பாக்கி.

கையை நீட்டினேன். அவர் எடுக்கவில்லை.

"சார், இன்னொண்ணு."

"பழசுல ஒண்ணு நல்லதா இருந்தாப் போடுங்கண்ணே" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"நீங்கதானா?"

"தட்டத் தூக்கும்போது முழங்கை பட்டுருச்சுண்ணே."

"நேத்து நான் கேட்டப்ப தெரியலைன்னு சொன்னீகளே சார்! ஏன்?"

"வாய விட்டுச் சொன்னாப் பலிச்சிரும்ணே. பூசையில விழுந்தத அபசகுனம்னு சொல்லுவாக. சொல்லாம இருந்தா ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்."

கேட்டீர்களா? படித்த பிள்ளை. காற்றின் வேகம், எஞ்சினின் சூடு, பாரத்தின் கணக்கு எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர். பனைமரத்துக்கு மேலே எமனைப் பார்த்துவிட்டு வந்தவர். அந்த எட்டு பிளக்குக்காக நான் எட்டு மாதம் யார் யார் வாயிலோ விழுந்து எழுந்தது அவருக்காகத்தான்.

"விழுந்தது பீங்கானய்யா! சகுனம் இல்ல, பீங்கான்! ஒடஞ்சா எஞ்சினுக்குள்ள விழும், நீரு பனைமரத்துல விழுவீரு!" என்று கத்தினேன். சார் எல்லாம் அதோடு போயிற்று. "அந்த அம்மாவ வெளிய போகச் சொன்னப்ப பொரியத் தின்னுக்கிட்டு அங்கதான நின்னீரு?"

முதலாளிக்கு வேறு கவலை. "அப்பப் பூசையில நெசமாவே விழுந்துச்சா?" என்று எழுந்துவிட்டார். "இன்னைக்குப் பறக்க வேணாம். பஞ்சாங்கம் பாத்துட்டுச் சொல்றேன்." நேற்று ஒரு பிளக் போனால் என்ன என்று கேட்ட அதே வாய்! பீங்கான் உடைந்தால் பரவாயில்லை, சகுனம்தான் உடையக் கூடாது. இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

அந்த நாலாவது பிளக்கை எடுத்துப் போய்க் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். விட்டுவைத்தால் மேனேஜர் அதை என்றைக்காவது துடைத்துப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார். உள்ளே விரிசல் இருந்ததா என்று கேட்காதீர்கள். அடித்த பிறகு எது விழுந்ததில் வந்தது, எது என் அடியில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பழசில் இருந்ததில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, ஈயம் எடுத்து, பாக்கி இருந்த அந்த எட்டாவது துளையில் போட்டேன். எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். ஒரு இருமல் இல்லை.

பிறகு முதலாளியிடம் போய், அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடாவிட்டால் கையெழுத்துக் கிடையாது என்றேன். ஒரு நாள் தாமதமாகச் சொன்னேன், ஆனாலும் சொன்னேன். அவர் பஞ்சாங்க யோசனையில் இருந்தார். "கூப்புட்டுக்க, கூப்புட்டுக்க" என்று கையை ஆட்டினார். பைலட் தானும் வருவதாகச் சொல்லி ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

கண்மாய்க்கரையில் ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்து போனோம். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்ல அங்கே நாற்காலி எதுவும் இல்லை. நாங்களும் நின்றோம்.

"நாளைக்கு வேலைக்கு வந்துருங்கக்கா" என்றேன். "மொதலாளி சொல்லிட்டாரு."

"எது விழுந்துச்சுன்னு தெரிஞ்சிருச்சாய்யா?"

"தெரிஞ்சிருச்சு."

"யாரு போட்டாக?"

நான் பைலட்டைப் பார்த்தேன். "நாந்தான்" என்றார் அவர்.

அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

"என்னயப் போகச் சொன்னப்பவும் ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் ஒங்களுக்காகத்தான்யா வாயத் தொறந்தேன். எனக்கு அதுல என்ன வந்துச்சு?"

அந்த அம்மா உட்கார்ந்து கீரையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"வாரேன். தண்ணி எடுக்குறேன், வாளி கழுவுறேன். கொடி மட்டும் பிடிக்க மாட்டேன்யா. ஒங்களுக்கு நேரா இனிமே நிக்க மாட்டேன்."

சொன்னபடியே மறுநாள் வந்தார். தண்ணீர் சுமந்தார், வாளி கழுவினார். முதலாளி பஞ்சாங்கத்தில் ஒரு நாள் பார்த்துச் சொன்னதும் மருந்தடிப்பு தொடங்கியது. கொடி பிடிக்க அந்த ஊரில் வேறு யாரும் வரவில்லை. விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பருத்தி முடியும்வரை வயல் கடைசியில் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.